அவருக்குப் பண்ணக் கூடாதா?

இதய வால்வு சுருங்கிய பெண். இரண்டாவது பிரசவத்தையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் முடித்தோம். மூன்றாவது கூடாது, மயக்க மருந்தும் ஆபத்து, கணவருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடலாம் என்றேன். “அவன் மூட்டை தூக்குற பையன் டாக்டரம்மா, இவளுக்கே பண்ணிடுங்க” என்றார் மாமியார். கணவர் வாயே திறக்கவில்லை. “ஆமா, எனக்கே பண்ணிடுங்க” என்று அந்தப் பெண்ணும் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

பிள்ளைக்கு டயப்பர் மாற்றும் அப்பாக்களை இன்று வார்டிலேயே பார்க்கிறேன். சமைத்து எடுத்து வருகிறார்கள், இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள். ஆனால் ஆபரேஷன் என்றதும் நழுவிவிடுகிறார்கள். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம்.

பெரியவர்களின் பயத்துக்குக் காரணம் உண்டு. 1976-இல், நெருக்கடி நிலையின்போது, வட மாநிலங்களில் ஆண்களைப் பிடித்துப்போய்க் கட்டாயமாகச் செய்தார்கள். இன்று யாரும் யாரையும் பிடிப்பதில்லை.

‘ஆண்மை போய்விடும்’ என்பவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? நாங்கள் கட்டுவது விந்தணு வரும் குழாயை மட்டும். ஆண் ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதே இல்லை. விரையிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. விறைப்புக்கான நரம்பும் ரத்தக்குழாயும் வேறு இடத்தில் இருக்கின்றன, அவற்றை நாங்கள் தொடுவதில்லை. விந்து முன்போலவே வரும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி மற்ற சுரப்பிகளின் திரவம். ஆசை, மீசை, குரல், தசை எதுவும் குறையாது.

பெண்ணுக்கு வயிற்றுக்குள் போக வேண்டும். ஆணுக்குக் குழாய் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. மரத்துப்போக ஓர் ஊசி, சின்னத் துளை, தையல் இல்லை. கால் மணி நேரத்தில் முடிந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரம் பாரம் தூக்காதீர்கள், சைக்கிள் மிதிக்காதீர்கள். பிறகு தாராளமாக மூட்டை தூக்கலாம். அரசு மருத்துவமனையில் இலவசம், ஊக்கத்தொகையும் உண்டு.

தயவுசெய்து கணவரை வெளியே உட்கார வைக்காமல் ஆலோசனைக்கு உள்ளே அழைத்து வாருங்கள். மாமியார்களே, மருமகளின் ரத்த அளவையும் இதயத்தையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

செய்துகொண்ட ஆண்களே, மறுநாளே பலன் வராது. குழாயில் தேங்கிய அணுக்கள் வெளியேற 3 மாதம் ஆகும், அதுவரை ஆணுறை கட்டாயம். பிறகு விந்துப் பரிசோதனைக்கு வாருங்கள். அதைத் தவிர்த்துவிட்டு, மனைவி கருவுற்றதும் அவளைச் சந்தேகப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.