தொட்டிலுக்குக் கீழே தணல்

முந்தாநாள் வார்டுக்கு வந்த பிள்ளைக்கு மூன்று மாதம். கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் வீடு. குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி பிடித்துவிட்டு, அம்மம்மா சட்டியைத் தொட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறா. மேலே ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. சிரட்டைக் கரியிலிருந்து ஒரு பொறி பறந்து நைலோன் நுளம்பு வலையில் பட்டது. நைலோன் வெறுமனே எரிந்து போகாது, உருகிச் சொட்டும். வயிற்றிலும் காலிலும் சொட்டுச் சொட்டாகக் காயம். துணியை விலக்கினால் காயம் தெரியவில்லை, வெள்ளை வெளேரென்று பற்பசை. புதினா வாசம் வேறு.

இந்த மாதத்தில் இது மூன்றாவது பற்பசை. அதைக் கழுவி எடுத்தால்தான் காயம் எவ்வளவு ஆழம் என்று பார்க்கலாம். கழுவும்போது அந்தப் பிள்ளை கத்திய கத்தலை எழுதிக் காட்ட முடியாது. 18 வருடமாகத் தாதியாக இருக்கிறேன், இன்னும் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

"தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்டேன். "ஐயோ மிஸ், தண்ணி பட்டா கொப்புளிக்குமே!"

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சரி, கடைசித் தடவையாகச் சொல்கிறேன். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் பானைக்குள் சோறு கொஞ்ச நேரம் வெந்துகொண்டுதானே இருக்கும்? தோலும் அப்படித்தான். நெருப்பை அணைத்த பிறகும் உள்ளே போன சூடு இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கும். குழந்தையின் தோல் மெல்லியது, சீக்கிரம் இறங்கும். அந்தச் சூட்டை வெளியே எடுக்க ஓடுகிற பைப் தண்ணீரை விட நல்ல மருந்து எங்கள் வார்டிலும் இல்லை. கொப்புளம் தண்ணீரால் வருவதே இல்லை. வெந்த தோலுக்குள் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கசிகிற நீர்தான் கொப்புளம். பைப்பைத் திறந்தாலும் வரலாம், திறக்காவிட்டாலும் வரலாம். திறந்தால் காயத்தின் ஆழம் குறையும். பற்பசையும் முட்டை வெள்ளைக்கருவும் பட்டரும் சூட்டை உள்ளே வைத்து மூடுகின்றன, கிருமிக்கும் வழி விடுகின்றன.

மணிக்கூட்டைப் பார்த்து 20 நிமிடம் ஊற்றுங்கள். பிந்திவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம், 3 மணித்தியாலத்துக்குள் என்றால் அப்போதும் பலன் உண்டு. ஐஸ் வைக்காதீர்கள். காயத்தில் மட்டும் தண்ணீர் ஓடட்டும், மிச்ச உடம்பைப் போர்த்தி வையுங்கள், கைக்குழந்தை குளிரில் விறைத்துப் போகும். காப்பு, அரைஞாண், கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு காப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும், அதையும் செய்திருக்கிறேன். உடுப்பைக் கழற்றலாம், தோலில் ஒட்டியிருக்கும் துண்டை மட்டும் இழுக்காதீர்கள்.

அம்மம்மாமாரே, அப்பம்மாமாரே, கோபிக்க வேண்டாம். தலை காய ஒரு துவாய் போதும். சாம்பிராணிப் புகை பச்சைப் பிள்ளையின் சுவாசத்துக்கும் கூடாது. மனம் கேட்காவிட்டால், பிள்ளை இல்லாத அறையில் போட்டுவிட்டு, தணலில் தண்ணீர் ஊற்றி, சட்டியை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.

நுளம்புச் சுருளும் அதே கதைதான். டெங்குப் பயம் எனக்கும் இருக்கிறது, கொழும்பில் யாருக்கு இல்லை? ஆனால் டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிப்பது. இரவு முழுக்கக் கட்டிலுக்குக் கீழே, கார்ட்போர்ட் துண்டில் சுருளை ஏற்றி வைத்து என்ன பயன்? வலை கட்டினால் சுருள் வேண்டாம்.

2022 இல் கரண்ட் இல்லாத நாட்களில் வாங்கிய மண்ணெண்ணெய் சில வீடுகளில் இன்னும் தண்ணீர்ப் போத்தலில் கிடக்கிறது. பிள்ளை குடித்துவிட்டும் வருகிறது. குப்பி விளக்கு சரிந்து எரிந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான், நம் நாட்டு சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலைப் போலக் குட்டையான, உருளாத ஒரு விளக்கைச் செய்தார். 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. கரண்ட் போனால் டோர்ச் அடியுங்கள். நெருப்புப் பெட்டியும் லைட்டரும் சாமித்தட்டில் இருக்கக் கூடாது, பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். கேஸ் காற்றை விடக் கனமானது, பிள்ளை தவழுகிற தரையில்தான் தேங்கும். மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், சிலிண்டரைப் பூட்டி, யன்னலைத் திறந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள்.

போன வருடம் வெள்ளவத்தை ஃப்ளாட் ஒன்றில் மல்டி பிளக் எரிந்து அறை முழுக்கப் புகை. நாலு வயதுப் பிள்ளையைக் காணவில்லை. தாய் கத்திக் கத்திக் கூப்பிட்டும் சத்தமில்லை. பிள்ளை அலுமாரிக்குள், உடுப்புகளுக்குப் பின்னால் இருந்தது. சின்னப் பிள்ளைகள் நெருப்பைக் கண்டால் பயத்தில் ஒளியும், ஏச்சு விழும் என்றும் ஒளியும். கட்டிலுக்குக் கீழும் அலுமாரிக்குள்ளும் தேடாமல் வெளியே போய்விட்டதாக நினைக்காதீர்கள். நெருப்பு வந்தால் கதவடிக்கு ஓடி வர வேண்டும் என்று விளையாட்டாகச் சொல்லிப் பழக்குங்கள்.

அதே வீட்டில் கிரில் கதவுக்கு உள்பக்கம் ஆமைப் பூட்டு. திறப்பு தாயின் கைப்பையில், கைப்பை புகை நிறைந்த அறைக்குள். பக்கத்து வீட்டுக்காரர் அலவாங்கால் உடைத்துத் திறந்தார். கள்ளனுக்குப் பூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திறப்பைக் கதவுக்குப் பக்கத்தில், பிள்ளைக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள். இரவு பத்து மணிக்கு லைட்டை அணைத்துவிட்டு அதைக் கையால் தடவி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990, அது இலவசம். ஒழுங்கையின் பெயரோடு பக்கத்தில் இருக்கும் கோயிலையோ கடையையோ சொல்லுங்கள், எத்தனையாம் மாடி என்பதையும் சொல்லுங்கள். யாராவது ஒருவர் கீழே இறங்கிக் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கட்டும்.