"நம்ம உடம்புக்கு பீடி ஒண்ணும் செய்யாது" என்பவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் நெஞ்சு நோய் கிளினிக்கில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மழை மாதத்தில் வந்த ஒருவரும் அதையே சொன்னார். தேயிலை ஃபக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வலக்கையில் இரண்டு விரல் நகம் வரை மஞ்சள்.

"எங்க அப்பா பீடி குடிச்சே எண்பது வயசு வரைக்கும் மலை ஏறுனாரு ஐயா. வெள்ளக்காரன் ஆராய்ச்சி வெள்ளக்காரன் உடம்புக்கு. இந்தக் குளிருக்கு நமக்கு இது வேணும்."

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. மரபணு ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பியரிடம்தான் நடந்திருக்கிறது. ஆனால் புகை விஷயத்தில் நம்மவர்களையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

"அண்ணே, செக்ரோல் பார்த்திருக்கீங்கதானே?" என்றேன். செக்ரோல் என்றால் தோட்டத்து வருகைப் பதிவேடு. அதில் பெயர்கள் மாறாது, பெயருக்கு நேரே போடும் புள்ளிதான் அன்றைக்கு யாருக்குச் சம்பளம் என்று தீர்மானிக்கும். டிஎன்ஏயும் அப்படித்தான். எழுத்துகள் அப்படியே இருக்க, அவற்றின் மேல் ஒட்டும் மெதைல் என்ற சிறு புள்ளி, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பதை மாற்றுகிறது. புகைப்பவர் இரத்தத்தில் சில இடங்களில் அந்தப் புள்ளி குறைந்துபோகிறது. முக்கியமான இடம் ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணு. புகையின் நச்சை உடம்பு கையாளும் விதத்தைக் கட்டுப்படுத்துவது அது.

இலண்டனில் வாழும் தெற்காசியரையும் ஐரோப்பியரையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. இரு சாராரிடமும் அதே மரபணுவில் புகையின் தடம் இருந்தது. ஆபிரிக்க அமெரிக்கரிடமும் சீனரிடமும் கண்டிருக்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு: புகைப்பவரைப் பிரித்துக்காட்டும் மெதைல் அளவின் எல்லைக்கோடு ஐரோப்பியருக்கும் தெற்காசியருக்கும் ஒரே அளவில் விழவில்லை. ஆகவே அவர்களுக்கு வகுத்த அளவுகோலை அப்படியே தூக்கி நம் மேல் வைக்க முடியாது. அதற்காக நாம் தப்பிவிட்டோம் என்று ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவீடனில் பார்த்தபோது, உதட்டுக்குள் வைக்கும் புகையில்லாத புகையிலைப் பொடியில் இந்தத் தடம் தெரியவில்லை, எரிவதால்தான் வருகிறது. வெற்றிலையோடு புகையிலை போடும் நம் பெண்கள் இதைக் கேட்டு நிம்மதியடைய வேண்டாம், வாய்ப் புற்றுநோய்க்கு அது போதும். லயத்து விறகு அடுப்பின் புகையிலும் எரிந்து வரும் அதே வகை நச்சுகள் இருக்கின்றன. மழைக்குக் கதவைச் சாத்தி, உள்ளே அடுப்பும் பீடியும் சேர்ந்து எரியும் காம்பராக்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

"போன புள்ளி திரும்புமா?" என்று கேட்டார். 15,907 பேரின் தரவைச் சேர்த்து ஆராய்ந்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை, நிறுத்தி 5 வருடத்துக்குள் பெரும்பாலான இடங்கள் பழைய நிலைக்கு வருவதாகச் சொல்கிறது. சில இடங்கள் 30 வருடமானாலும் திரும்புவதில்லை.

அடுத்த கிளினிக்குக்கு மனைவியோடு வந்தார். நிறுத்தி 18 நாள். "இருமல் கூடிருச்சே ஐயா, திரும்பக் குடிக்கவா?" வேண்டாம் என்றேன். மூச்சுக் குழாயில் முடங்கிக் கிடந்த நுண்மயிர்கள் மறுபடி சளியைத் தள்ளத் தொடங்கினால் சில வாரம் அப்படித்தான் இருக்கும். சளியில் இரத்தம் கண்டால் மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வரச் சொல்லியிருக்கிறேன்.