ஓர் எழுத்து மாறினால் இரண்டு குட்டி

கறிக்கு வளர்க்கும் செம்மறியில் லாபம் என்றதும் கிடாயின் எடைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பட்டிக்காரர் பார்ப்பது ஈத்தை. தாயாடு ஒரு குட்டி போட்டாலும் இரண்டு போட்டாலும் ஆண்டு முழுக்க அதைக் கட்டிக் காப்பாற்றத்தான் வேண்டும். தக்காணப் பீடபூமியின் தக்காணி ஆடு வறட்சியைத் தாங்கும், நெடுந்தூரம் நடந்து மேயும். ஆனால் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான். மகாராஷ்டிரத்தின் பல்டணில் இருக்கும் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஒற்றையை இரட்டையாக்கி உருவாக்கிய ஆடுதான் நாரி சுவர்ணா.

இரட்டைக் குணத்தைத் தந்தது வங்கத்தின் சுந்தரவனத்துக் காரோல் ஆடு. சதுப்பில், முழங்கால் தண்ணீரில் இறங்கி மேயும் குட்டை ஆடு அது. எடை பதினைந்து கிலோவுக்கு மேல் போவது குறைவு, ஆனால் இரண்டு மூன்று குட்டி அதற்குச் சாதாரணம். 1790களில் வங்கத்து ஆடுகள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. பின்னாளில் அங்கே புரூலா என்ற வகை மெரினோ செம்மறி ஆடுகள் கொத்தாகக் குட்டி போட்டன. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2001இல் கண்டுபிடித்தார்கள்; அடுத்த ஆண்டே அதே மாற்றம் காரோலிலும் இருப்பது தெரிந்தது.

சாதாரணப் பெட்டையின் சினைப்பையில் பருவத்துக்குப் பருவம் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கும். முந்தி வளரும் ஒன்று ஹார்மோன் சுரந்து, மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும், முட்டைப்பைகளை வளர்க்கும் எஃப்.எஸ்.எச் என்ற ஹார்மோனைக் குறைத்துவிடும். அது கிடைக்காத மற்றவை வாடிப்போகும். காரோலிலோ செல்லுக்கு வரும் செய்தியை வாங்கும் ஒரு புரத ஏற்பிக்கான டி.என்.ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறி, அந்தப் புரதத்தின் 249ஆம் இடத்தில் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏற்பி மந்தமாகிவிட, முட்டைப்பைகள் சிறிதாக இருக்கும்போதே முதிர்கின்றன. சிறியவை சுரப்பதும் குறைவு. இரண்டு மூன்று சேர்ந்தால்தான் பழைய ஒன்றின் அளவுக்கு ஹார்மோன் வரும். அதற்குள் இரண்டு மூன்று முட்டையும் தயாராகிவிடும்.

ஆனால் காரோலைக் கலந்தால் உடம்பும் சிறுத்துவிடுமே! அதனால் பிறந்த குட்டிகளை மறுபடி மறுபடி தக்காணியோடே சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் காரோலின் பங்கு பாதியாகக் குறையும். பாதிக் குட்டிகளுக்கு அந்த மரபணுவும் போகாது. கிடா குட்டி போடுவதில்லையே, அதனிடம் இந்தக் குணத்தை எப்படிப் பார்ப்பது? சில சொட்டு ரத்தம் போதும். புணேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் டி.என்.ஏ சோதனை செய்து தேர்ந்தெடுத்தார்கள். இந்தச் சோதனைதான் முழு வேலைக்கும் உயிர் என்பேன். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என மாறிய மரபணுவின் இரு பிரதியும் உள்ள கிடாயைச் சாதாரண மந்தையில் விட்டால், பிறக்கும் பெட்டைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி நிச்சயம்.

அந்த ஒரு பிரதியே போதும்; குட்டி மூன்றாகிவிட்டால் தொல்லைதான். மூன்று குட்டி போட்ட தாயைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: காம்பு இரண்டுதான். இரண்டு குட்டி வாலை ஆட்டி முட்டிக் குடிக்க, மூன்றாவது பின்னங்கால் இடுக்கில் மூக்கை நுழைத்து நுழைத்து ஓய்ந்துபோகும். அதைத் தூக்கிச் சீம்பாலைக் கறந்து புட்டியில் கொடுக்க ஆள் வேண்டும். இரட்டைச் சினைக்கே கடைசி ஆறு வாரம் அடர்தீவனம் கட்டாயம். கரு பெரும்பகுதி வளர்வது அப்போதுதான். தீனி போதாவிட்டால் தாய் தன் கொழுப்பைக் கரைக்கும். கொழுப்பு கரைவதால் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறித் தாய் படுத்துவிடும்.