உந்தம்: மொமெண்டம் எதைக் கணக்கிடுகிறது?

நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். பள்ளியில் எல்லாரும் எழுதியதுதான். சரி, அந்த விடை எதைச் சொல்கிறது? 'வேகத்தை' என்று பலர் சொல்வார்கள். ஒரே வேகத்தில் வரும் சைக்கிளையும் லாரியையும் நிறுத்துவது ஒன்றாகிவிடுமா என்ன!

1000 கிலோ கார் ஒன்று நொடிக்கு 10 மீட்டர் போகிறது. உந்தம் 10,000. பிரேக்கின் விசை 5,000 நியூட்டன் என்றால் 2 நொடியில் வண்டி நிற்கும். ஆக, ஒரு விசை எவ்வளவு நேரம் எதிர்த்து நின்றால் ஓட்டம் அடங்கும் என்பதுதான் உந்தத்தின் கணக்கு. எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று கேட்டால் இயக்க ஆற்றலிடம் போகவேண்டும்: நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் (வேகம் × வேகம்) பெருக்குவது. இங்கே 50,000 ஜூல். 10 மீட்டரில் நிற்கும். வேகத்தை இரட்டித்தால் நேரம் 4 நொடிதான், தூரமோ 40 மீட்டர்!

இந்தக் குழப்பம் பெரியவர்களுக்கும் இருந்தது. இயக்கத்தின் அளவு நிறையும் வேகமும் பெருகியது என்றார் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட், அதுவும் திசையை விட்டுவிட்டு. வேகத்தின் இருமடிதான் வேண்டும் என்று 1686இல் ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் மறுத்தார். வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்று கேள்வியே இரண்டு என்பது அப்புறம்தான் தெளிந்தது.

'மொமெண்டம்' லத்தீன் சொல். அசைத்தல் என்னும் வினையில் பிறந்தது. கணப்பொழுதைக் குறிக்கும் 'மொமெண்ட்' இதன் வழிவந்ததே. தமிழில் அந்த ஒரு வேர் கணம், திருப்புத்திறன் (விசை ஒரு பொருளைச் சுழற்றும் திறன்), உந்தம் என்று பிரிந்துவிட்டதால் நமக்குக் குழப்பம் குறைவு.

உந்து என்றால் தள்ளு, செலுத்து. பேருந்தில் இருப்பதும் இதே உந்துதான். வருந்து வருத்தமானது போல, பொருந்து பொருத்தமானது போல இது 'உத்தம்' ஆகியிருக்கலாம், நல்லவேளை, ஆகவில்லை. வேர் கண்ணுக்குத் தெரிகிறது.

இலங்கைப் பாடநூல்களிலும் உந்தம் உந்தம்தான். ஆனால் அங்கே அது திணிவையும் வேகத்தையும் பெருக்கியது. நம் 'திசைவேகம்' அவர்களுக்கு வேகம். நம் 'நிறை' அவர்களுக்குத் திணிவு. நம் 'எடை'தான் அவர்களுக்கு நிறை. நம் சூத்திரத்தை அப்படியே யாழ்ப்பாணத்து மாணவரிடம் கொடுத்தால், எடையை ஏன் பெருக்குகிறீர்கள் என்று கேட்பார்.