மெரினா விளக்கு அணைவதே இல்லை

இருட்டியபின் மெரினாவை ஒட்டிய மீனவக் குப்பமான நொச்சிக்குப்பத்து மணலில் நின்று அண்ணாந்து பார்த்தால், சென்னைக் கலங்கரை விளக்கம் இரண்டு முறை பளிச்சிடும். அப்புறம் இருட்டு. திரும்பவும் இரண்டு. 10 விநாடிக்கு ஒருமுறை இந்த ஜோடி வரும். யாரோ மேலே உட்கார்ந்து சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் சுழலும் விளக்கில் பல்பு இரவு முழுக்க எரிந்துகொண்டேதான் இருக்கிறது. சுற்றுவது அதன் முன்னால் இருக்கும் லென்ஸ். லென்ஸ் குவித்து அனுப்பும் கற்றை நம் பக்கம் திரும்பும்போது பளிச், தாண்டிப் போனதும் இருட்டு. இரண்டு லென்ஸ் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்திவிட்டால் அடுத்தடுத்து இரண்டு பளிச்.

இந்தக் கணக்கு அக்கம்பக்கத்து விளக்குகளில் ஒவ்வொன்றுக்கும் வேறு. கடலில் இருப்பவர் விநாடிகளை எண்ணியே இது எந்த ஊர்க் கரை என்று சொல்லிவிடலாம்.

சரி, ஒரு பல்பின் வெளிச்சம் எப்படி அவ்வளவு தூரம் போகிறது? சும்மா விட்டால் அது வானத்துக்கும் தரைக்கும் சேர்ந்தே சிதறும். கப்பலுக்கு வேண்டியதோ அடிவானத்தை ஒட்டிய மெல்லிய பட்டை மட்டும். அப்படிக் குவிக்க ஆளுயரக் கண்ணாடி லென்ஸ் வேண்டும். அதை முழுசாக வார்த்தால் பல டன் கனக்கும், வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தடித்த கண்ணாடியே விழுங்கிவிடும். பிரான்ஸின் இயற்பியலாளர் ஒகுஸ்தென் ஃப்ரெனெல் இதற்கு வழி கண்டார். ஒளி வளைவது கண்ணாடியின் மேற்பரப்பில்தான். நடுவில் உள்ள தடிமன் வெறும் சுமை. அந்தச் சுமையைக் கழித்துவிட்டு, வளைவுகளை மட்டும் வளையம் வளையமாக அடுக்கினார். குறுக்கே வெட்டிய வெங்காயத்தைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அந்த உருவம்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வளையத்தின் ஓரமும் படிக்கட்டாக இறங்கும். நடு வளையங்கள் ஒளியை வளைக்கும்; பின்னாளில் விளிம்பில் சேர்ந்த பட்டகங்கள் (முக்கோணக் கண்ணாடித் துண்டுகள்) அதை உள்ளுக்குள்ளேயே பிரதிபலித்துத் திருப்பும். 1823இல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் இந்த வளைய லென்ஸ் முதன்முதலாக வேலைக்கு வந்தது.

லென்ஸ் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் பூமியின் வளைவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மணலில் நிற்கும் ஒருவருக்கு அடிவானம் நாலரை கிலோமீட்டர்தான். மெரினாவின் 46 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து அது சுமார் 24 கிலோமீட்டர்.

சென்னையின் விளக்கு இடம் மாறி மாறி ஏறியதும் பெரும்பாலும் இந்த உயரத்துக்காகத்தான். 1796இல் அது புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்றைய அருங்காட்சியகக் கட்டடத்தின் மாடியில், தேங்காய் எண்ணெய் ஊற்றி எரிந்தது. 1844இல் பாரிமுனைப் பக்கம் 125 அடி கருங்கல் தூணுக்குப் போனது. தூண் இப்போதும் உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது வேறு விஷயம். தூணைவிட உயரமாக நீதிமன்றமே எழும்பிவிட, 1894இல் விளக்கு அதன் பெரிய கோபுரத்துக்கு ஏறியது. மெரினாவின் முக்கோணக் கோபுரம் 1977இல் திறக்கப்பட்டது. இதில் லிஃப்ட் உண்டு. மேலிருந்து பார்த்தால் லூப் ரோட்டு மீன் கடைகளும் கரையேற்றிய ஃபைபர் படகுகளும் காலடியில் கிடக்கும்.

அதே படகு கடலுக்குள் போனபின் கணக்கு மாறுகிறது. படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர்தான். கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் மாலுமி 40 கிலோமீட்டருக்கு அப்பாலேயே விளக்கைப் பிடித்துவிடுவார். நொச்சிக்குப்பத்துக்காரர் சுமார் 28 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் அதே விளக்கு அவர் கண்ணில் படும்.