கொஞ்ச நேரம் போர் அடிக்கட்டும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் என் கிளினிக்குக்கு வரும் பெற்றோர் காய்ச்சல், சளியோடு இதையும் கேட்பார்கள்: "டாக்டர், போனை வாங்கி வைத்தால் போர் அடிக்குதுன்னு உயிரை எடுக்கிறான். என்ன செய்யட்டும்?" ஒன்றும் செய்யாதீர்கள், கொஞ்ச நேரம் போர் அடிக்கட்டும் என்பேன்.

பலருக்கு இது மனசுக்கு ஒப்புவதில்லை. பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் கடமை தவறிவிட்டதாக நினைக்கிறார்கள். போன் வேண்டாமென்றால் அபாகஸ், அது முடிந்ததும் கீபோர்டு, அப்புறம் நீச்சல். வகுப்புகள் நல்லவைதான். ஆனால் அங்கேயும் அடுத்து என்ன செய்வது என்பதை வேறொருவர்தான் சொல்கிறார். அதைத் தானே யோசிக்கப் பிள்ளைக்கு எப்போது நேரம் கிடைக்கும்?

சும்மா இருக்கும்போது மூளை ஓய்ந்துவிடுவதில்லை. எந்த வேலையிலும் கவனம் செலுத்தாமல் இருக்கும் நேரத்தில் அதிகமாக இயங்கும் மூளைப் பகுதிகளை மார்கஸ் ரைக்கிள் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞரின் குழு 2001-இல் விவரித்தது. பழைய நினைவுகளைக் கோப்பதிலும் நடக்காததைக் கற்பனை செய்வதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. இங்கிலாந்தில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், போன் நம்பர்களைப் பார்த்து எழுதிச் சலித்தவர்களுக்கு இரண்டு கப்புகளைக் காட்டி, இவற்றை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று கேட்டார்கள். சலிப்பில்லாமல் வந்தவர்களைவிட அவர்களே அதிக யோசனை சொன்னார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள். குழந்தைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் என் காத்திருப்பு அறையில் பார்ப்பது அதோடு ஒத்துப்போகிறது.

அம்மாவின் போனில் சார்ஜ் தீர்ந்துபோன ஒரு ஐந்து வயதுப் பையன். முதலில் சிணுங்கினான், அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தான், தரையில் புரண்டான். அம்மா பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கத் தொடங்கினான். அவை பஸ்ஸின் இருக்கைகளாம். குப்பைக்கூடை பக்கம் கிடந்த டோக்கன் தாள்களைக் கிழித்து டிக்கெட் ஆக்கினான். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கூவிக்கொண்டே எல்லாரிடமும் சில்லறை கேட்டான். காய்ச்சலோடு சுருண்டு கிடந்த ஒரு சிறுமிகூட எழுந்து டிக்கெட் வாங்கினாள்.

சிணுங்கிப் புரளும் அந்த நேரம்தான் கஷ்டமானது. பெரும்பாலான வீடுகளில் அங்கேதான் போன் கைக்குப் போகிறது. யோசனைகூடச் சொல்லாதீர்கள். "சரி, போர் அடிக்கும்தான்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அந்த வேலை போன் பார்ப்பதாக இருக்கக்கூடாது என்பது முக்கியம்.

கைக்கு எட்டும் இடத்தில் அட்டைப்பெட்டி, பழைய துப்பட்டா, கொட்டாங்குச்சி, சாக்பீஸ், ஓர் உருண்டை சப்பாத்தி மாவு இருந்தால் போதும். பட்டனை அழுத்தினால் தானே பாடி ஆடும் பொம்மை இதற்கு உதவாது. எல்லாவற்றையும் அதுவே செய்துவிடுகிறது. பட்டன் பேட்டரி, பாசிமணி போன்றவை சின்னப் பிள்ளைகளின் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு கலைந்து கிடக்கும், கிடக்கட்டும்.

போனைத் தண்டனையாகப் பிடுங்கினால் அதன் மீது ஆசைதான் கூடும். எப்போது, எவ்வளவு நேரம் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு வயதுக்குள் உறவினரோடு வீடியோ காலில் பேசுவது தவிரத் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. வீட்டில் தாத்தா, பாட்டியிடமும் இதைச் சொல்லி வையுங்கள். சோறூட்டும்போது போன் காட்டும் பழக்கம் பல வீடுகளில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் எல்லாச் சோர்வும் சலிப்பு அல்ல. முன்பு ஆசையாக விளையாடிய பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஒட்டாமல், சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தாலோ, சின்னக் குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாமல், வயதுக்கேற்ற பேச்சு வராமல் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.