செடியின் தாகம் பானைக்கு எப்படித் தெரியும்?

பெங்களூர் முருகேஷ்பாளையத்தில் மொட்டை மாடியில் தக்காளியும் கத்தரியும் வளர்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "தொட்டிக்குள் மண்பானையைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால், செடிக்கு வேண்டும்போது மட்டும் கசியுமாமே? செடிக்குத் தாகம் எடுத்தது பானைக்கு எப்படித் தெரியும்? ஏப்ரலில் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். பானையை நம்பிப் போகலாமா?"

இரண்டாவது கேள்வியைப் படித்த அன்று இரவு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அவ்வளவு நல்ல கேள்வி.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதன் அவசரம் தெரியும். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, டேங்கருக்காகத் தெருத்தெருவாகக் காத்திருந்தோம். அந்த மார்ச்சில், குடிநீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. 2025 பிப்ரவரியில் மறுபடியும் அதே உத்தரவு வந்தது. இங்கே குழாயில் வரும் காவிரி, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகிறது. ஆயிரம் லிட்டரை அந்த உயரத்துக்குத் தூக்க, எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். நிஜத்தில் இதைவிடக் கூடுதலாகவே செலவாகும். அந்தத் தண்ணீரை ஹோஸ் பைப்பால் தொட்டியின் மேல் பீய்ச்சினால், மேல்மண்ணில் நின்றதெல்லாம் மதிய வெயிலுக்குள் ஆவியாகிவிடும். வேர் இருப்பதோ கீழே.

சரி, பானைக்கு வருவோம்.

களிமண்ணைச் சூளையில் சுடும்போது, துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒட்டிக்கொள்கின்றன. இடையில் உள்ள சந்துகள் அப்படியே நின்றுவிடுகின்றன. இன்னும் கடுமையாகச் சுட்டால் துகள்கள் உருகி, சந்துகள் அடைபட்டுப் பீங்கான் போல ஆகிவிடும். நம் ஊர்ப் பானை அந்த அளவுக்கு வேகுவதில்லை. அதன் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத, ஒன்றோடொன்று இணைந்த வழிகள். அவற்றின் அகலம் சில மைக்ரான்தான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு நுண்ணிய வழியில் தண்ணீர் தானாக ஓடிவிடாது. ஓட ஏதாவது ஒரு விசை வேண்டும். பானைக்குள் ஒரு சாண் உயரத் தண்ணீர் இருந்தால், அது வெளியே தள்ளும் அழுத்தம் வெறும் 20 சென்டிமீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம். இது மிகச் சிறியது. பெரிய விசை வெளியே, மண்ணில் இருக்கிறது.

ஈரமண்ணில் தண்ணீர் எங்கே உட்கார்ந்திருக்கிறது? துகள்களுக்கு நடுவே, இடுக்குகளில். ஒவ்வொரு இடுக்கிலும் நீரின் மேற்பரப்பு உள்வாங்கிக் குழிந்து நிற்கும். பள்ளியில் நுண்குழாயில் பார்த்த அதே குழிவுதான். குழாய் மெல்லியதாக ஆக ஆகத் தண்ணீர் அதிக உயரம் ஏறும் என்று படித்தோம் அல்லவா? 10 மைக்ரான் அகலமுள்ள குழாயில் சுமார் 3 மீட்டர், 1 மைக்ரானில் சுமார் 30 மீட்டர். மண் காயும்போது பெரிய இடுக்குகள் முதலில் காலியாகின்றன. மிச்சமுள்ள தண்ணீர் சின்னச் சின்ன இடுக்குகளுக்குள் பின்வாங்குகிறது. அங்கே குழிவு இன்னும் கூர்மை, அதனால் இழுவிசையும் அதிகம். காயக் காய மண்ணின் உறிஞ்சும் பலம் ஏறிக்கொண்டே போகும், எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே இதுதான். தண்ணீர் ஊற்றி நன்கு வடிந்த மண்ணின் இழுவை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீர்த்தம்பம். செடி லேசாகச் சிரமப்படும்போது அது ஐந்தாறு மீட்டரைத் தாண்டும். பெரும்பாலான பயிர்கள் மீளாமல் வாடிப்போகும் கட்டத்தில் 150 மீட்டர்!

இப்போது ஒரு மார்ச் மாத நாளை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பானையைச் சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கிறது. இழுவை குறைவு, கசிவும் குறைவு. பத்து மணிக்கு வெயில் ஏறுகிறது. இலைத்துளைகள் திறந்து நீராவி வெளியேறுகிறது. வேர் பக்கத்து மண்ணிலிருந்து எடுக்கிறது. அந்த மண் காய்ந்து தனக்கு அடுத்த மண்ணிலிருந்து இழுக்கிறது, அது பானையின் சுவரிலிருந்து இழுக்கிறது. தண்ணீர் நகர ஆரம்பிக்கிறது. பொழுது சாய்ந்து இலைத்துளைகள் மூடிக்கொண்டால், மண் மெல்ல நனைந்து இழுவை தணிகிறது, கசிவு தானாகக் குறைகிறது. வால்வு கிடையாது, சென்சார் கிடையாது. மண்ணின் வறட்சிதான் செய்தி, அந்த வறட்சியேதான் தண்ணீரை இழுக்கும் கையும்.

மண்ணின் இந்த இழுவையை ஓர் அளவாக முதலில் வரையறுத்தவர் எட்கர் பக்கிங்ஹாம். அமெரிக்க வேளாண்துறையின் மண் ஆய்வுப் பிரிவில் சில காலம் வேலை பார்த்த இயற்பியலாளர். 1907இல் அவர் எழுதிய அறிக்கையில்தான் இந்தக் கருத்து வருகிறது. இந்த இழுவையை அளக்கப் பின்னாளில் வந்த டென்சியோமீட்டர் என்னும் கருவியைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்: சுட்ட களிமண் குப்பி ஒன்று, அதற்குள் தண்ணீர், மேலே ஓர் அழுத்தமானி. நம் பானைதான்! பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் நெல் வயலுக்காக இதை மலிவாகச் செய்து, பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டை ஒட்டி விவசாயிகளிடம் கொடுத்தது.

பானைப் பாசனம் புதிதும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சீன வேளாண் நூலில், பானையைப் புதைத்துச் சுற்றிலும் முலாம்பழம் நடுவது பற்றி இருக்கிறது. நம் நாட்டில் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் 1970களிலேயே இதைச் சோதித்தது. உப்புத் தண்ணீரைப் பானையில் ஊற்றிக்கூடக் காய்கறி விளைவித்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் இது ஏன் ஊரெங்கும் பரவவில்லை? என் எண்ணத்தைச் சொல்கிறேன். பானையை விற்று எந்தக் கம்பெனியும் பெரிய லாபம் பார்க்க முடியாது. அதனால் இதை ஆராயப் பொதுப்பணம்தான் வர வேண்டும். இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அதில் மண் இயற்பியலுக்கு எவ்வளவு மிஞ்சும்? எந்த மண்ணுக்கு எந்தப் பானை, எத்தனை அடி இடைவெளி என்று ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தெளிவாகச் சொல்லும் கையேடு நம்மிடம் இருந்திருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில், செம்புக் கம்பி சுற்றிய குச்சியை நட்டால் வானத்து மின்சாரம் செடியை வளர்க்கும் என்ற வீடியோக்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. என் மாடிக்கு வந்த இரண்டு பேர், கம்பியை எங்கே நட்டிருக்கிறேன் என்று கேட்டார்கள். வருத்தமாக இருந்தது.

பானை வாங்க நான் போவது பாட்டரி டவுன். அங்கே தமிழ் பேசும் குயவர் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கின்றன. "அக்கா, நல்லா வேர்க்குற பானையா வேணும்" என்றேன். அவர் ஒன்றை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புதுப் பானை எல்லாமே வேர்க்கும் தம்பி. ரெண்டு வருஷம் போனா உப்பு அடைச்சுக்கும், அப்பதான் நிக்கும்."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. போர்வெல் தண்ணீர் ஊற்றிய என் பானைகளின் கழுத்தைச் சுற்றி, இரண்டாம் கோடையில் வெள்ளையாக ஒரு வளையம் படிந்தது. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போல உதிரும். தண்ணீர் மட்டும் ஆவியாகி வெளியேற, கரைந்திருந்த உப்பு துளைகளிலேயே தங்கிவிடுகிறது. வினிகரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்த பிறகு ஓரளவு தேறின. இப்போது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறேன். அது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கியது, அதில் உப்பு அநேகமாக இல்லை. அரிசி கழுவிய தண்ணீரைப் பானைக்குள் ஊற்றாதீர்கள், கஞ்சி துளையை அடைத்துவிடும். அதை நேராகச் செடிக்கே ஊற்றலாம். பெயின்ட் அடித்த பானையும் உதவாது.

புதைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்னை நார்க்கழிவு அதிகமுள்ள கலவை பொலபொலவென்று இருக்கும். பானைக்கும் அதற்கும் நடுவே காற்றிடைவெளி விழுந்தால் நீர்த்தொடர்ச்சி அறுந்துவிடும், இழுவையும் போய்விடும். அதனால் நைஸான செம்மண்ணைக் குழைத்துப் பானையின் வெளிப்புறம் பூசிவிட்டுப் புதைக்கிறேன். வாய் மட்டும் வெளியே தெரிய வேண்டும். மேலே காய்ந்த இலைகளை மூடாக்காகப் போடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் நம் தெருக்களில் உதிர்வதைக் குவித்து எரிக்கிறார்களே, அதே இலைகள். பானையின் வாயை இறுக்கமாக மூடுவது கட்டாயம். டெங்கு பரப்பும் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

மாலையில் மாடியில் உட்காருவதற்காகத் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் தெளிப்பவர்கள் உண்டு. ஒரு லிட்டர் ஆவியாக 2,400 கிலோஜூலுக்கு மேல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் குளிர்ச்சி உண்மைதான். அதே லிட்டர் பானை வழியாகச் செடிக்குள் போய் இலை வழியாக ஆவியானாலும் அவ்வளவு வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும். கூடவே தக்காளியும் கிடைக்கும்.

போன பருவம் முடிந்து ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கினேன். பானையும் சேர்ந்து வந்தது. அதன் அடிப்பாகம் முழுக்க வெள்ளை வேர்கள், கொசுவலையை இறுக்கிப் போர்த்தியது போல. ஒன்றைப் பிரித்து எடுத்தால் அதன் தடம் களிமண்ணில் ஈரக்கோடாகத் தெரிந்தது.

இனி பத்து நாள் கேள்வி. காய் பிடித்த பெரிய தக்காளிச் செடி, கடும் வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேலும் குடிக்கும். இரண்டு லிட்டர் பானையை மட்டும் நம்பிப் போனால் செடி போய்விடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பானையை விளிம்பு வரை நிரப்பி, ரப்பர் கார்க்கால் காற்றுப் புகாமல் அடைத்து, கார்க்கின் துளை வழியாக மெல்லிய டியூப் ஒன்றைச் செருகுங்கள். டியூபிலும் காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பி, மறுமுனையை மூடியுள்ள வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். வாளியின் நீர்மட்டம் பானையைவிட அரை அடி கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் தண்ணீர் பானை வழியாக மண்ணுக்குத் தேவைக்கு மேல் கசியக்கூடும். மண் பானையிலிருந்து உறிஞ்ச உறிஞ்ச, பானைக்குள் அழுத்தம் குறையும். ஈரமான சுவர்த்துளைகள் காற்றை உள்ளே விடாது. அப்போது பானை வாளியிலிருந்து தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இதைப் பொருத்திவிட்டு, வாளியின் உள்பக்கம் மார்க்கரால் கோடு போட்டுத் தினமும் பாருங்கள். டியூபில் குமிழி சேர்ந்தால் எடுத்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். வெயில் அடித்த நாளில் மட்டம் அதிகம் இறங்கியிருக்கும், மேகமூட்டமாக இருந்த நாளில் கோட்டிலிருந்து அவ்வளவாக நகர்ந்திருக்காது.